ஏற்காட்டுல கோன்ஃபிளவர் தாங்குமா?

மலைவீடு:
வணக்கங்க, வீடு ஏற்காடு, ஒண்டிக்கடை தாண்டி கொஞ்ச தூரம். மே மாச மலர்க் கண்காட்சிக்கு அண்ணா பூங்காவுல வைக்கிற பூவுல நிறைய சீசனோட முடிஞ்சிடுது, எனக்கு வருசா வருசம் அதே செடி திரும்பப் பூக்கணும், ஊதா கோன்ஃபிளவர் மேல ரொம்ப ஆசை, விதையும் வாங்கிட்டேன். நம்ம மழைக்கும் குளிருக்கும் நிக்குமா? சில்வர் ஓக் நிழல்ல வைக்கலாமா?

காபிக்காடு:
தாராளமா நிக்கும்ங்க. வட அமெரிக்கா புல்வெளியில தானா வளர்ற செடி அது, அங்க பனி கொட்டுறப்ப மேல எல்லாம் காஞ்சு போயி வேர் மட்டும் மண்ணுக்குள்ள உசுரோட இருந்து திரும்பத் துளிர்க்கும், நம்ம மார்கழிக் குளிரெல்லாம் அதுக்கு ஒண்ணுமே இல்ல. பயப்பட வேண்டியது தண்ணிக்குத்தான். ஐப்பசி கார்த்திகை அடைமழையில தண்ணி நின்னா அடி அழுகிடும், அதனால சரிவான இடமா பாருங்க, இல்லன்னா மேட்டுப்பாத்தி கட்டுங்க. சில்வர் ஓக் நிழல் காபிக்கும் மிளகுக்கும் சரி, இதுக்கு ஆறு மணி நேரமாச்சும் நேர் வெயில் வேணும்.

விதைய ஈர மணல்ல கலந்து ஜிப் கவர்ல போட்டு ஃபிரிட்ஜ்ல நாலு வாரம் வைங்க, ஃப்ரீசர்ல வேணாம். குளிர்காலம் போயிடுச்சுன்னு விதை நம்பணும், அப்பதான் நல்லா முளைக்கும். தை மாசம் விதைச்சா ஆனி மழைக்குள்ள வேர் பிடிச்சுக்கும். முத வருசம் பெரும்பாலும் இலைதான், அடுத்த வருசம்தான் பூ, தயவுசெஞ்சு பூக்கலன்னு பிடுங்கிடாதீங்க.

அஸ்தம்பட்டி மாடி:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு, உரம் அள்ளிப் போடாதீங்க, மக்குன தொழுவுரம் ஒரு கை போதும், அதிகமானா நெட்டையா வளந்து சாஞ்சிடும். நாத்துல நத்தை ஏறும், ராத்திரி டார்ச் அடிச்சுப் பாருங்க. சேலத்துல எங்க மாடியில காலை வெயில் மட்டும் படுற மாதிரி தொட்டியில வச்சிருக்கேன், சித்திரை வெயில்ல வாடினாலும் சாயங்காலம் நிமிந்துக்குது, ஆனா மலையில வர்ற மாதிரி பூ இங்க வராதுன்னுதான் தோணுது.

மலைவீடு:
ரொம்ப நன்றிங்க. பாக்கெட்டுல மஞ்சப் பூ படம் போட்டிருக்கே, பரவாயில்லையா?

காபிக்காடு:
அது ருட்பெக்கியாங்கிற வேற செடியா இருக்கும், அதையும் கோன்ஃபிளவர்னுதான் விக்கிறாங்க. நாம பேசுற கோன்ஃபிளவரோட பேரு எக்கினேசியா, அதுலயும் மஞ்சள் ஹைப்ரிட் இருக்கு, ஆனா நீங்க கேட்ட ஊதாவுக்கு எக்கினேசியா பர்ப்யூரியான்னு எழுதியிருக்கணும். இல்லன்னா மாத்தி வாங்கிட்டு அப்புறம் ஃபிரிட்ஜ்ல வைங்க.