சமைக்காத உணவில் இருப்பது உயிரா, ஊட்டமா?

தளிர் எழுதியது:

மூன்று ஆண்டுகளாகச் சமைக்காத தாவர உணவை மட்டுமே உண்டு வருகிறேன். பாலையும் தேனையும்கூடத் தொடுவதில்லை. சென்ற வாரம் இங்கே ஒருவர் இதனை அண்மையில் கிளம்பிய அமெரிக்க மோகம் என்று எழுதியிருந்தார். அது சரியன்று. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர மருத்துவர் மாக்சிமிலியன் பிர்ச்சர்-பென்னர், தாவரங்கள் சூரிய ஒளியின் ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கின்றன என்றும், சமைக்கும்போது அந்த ஆற்றல் குன்றுகிறது என்றும் 1900ஆம் ஆண்டிலேயே தம் நகரத்து மருத்துவர்கள் முன் எடுத்துரைத்தார். அவர்கள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் அவர் 1904இல் ஊருக்கு மேலே மலைச்சரிவில் நலவாழ்வு இல்லம் ஒன்றை நிறுவி, நோயாளிகளுக்குத் துருவிய ஆப்பிளும் ஊறவைத்த ஓட்ஸும் கொட்டைகளும் கொடுத்துவந்தார். இன்று மியூஸ்லி என்று கடைகளில் விற்பது அதன் வழிவந்ததுதான். பின்னர் லித்துவேனியாவில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வாழ்ந்த ஆன் விக்மோர், கோதுமைப்புல் சாற்றையும் முளைகட்டிய தானியங்களையும் முதன்மையாக வைத்து, ‘உயிருள்ள உணவு’ என்ற முறையைப் பரப்பினார். ஏறத்தாழ 48 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் உணவிலுள்ள நொதிகள் (என்சைம்கள், அதாவது உயிர்ச்செல்களில் வேதிவினைகளைத் தூண்டும் பொருள்கள்) அழிந்துவிடும், ஆகவே ஊறவைத்தும் முளைகட்டியும் இளஞ்சூட்டில் உலர்த்தியும் உண்ண வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

மருந்தாளுநர் எழுதியது:

நண்பர் தளிர் சொன்ன வரலாற்றில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பிர்ச்சர்-பென்னரின் மியூஸ்லியில் இனிப்பிட்ட சுண்டிய பால் இருந்தது. அவருடையது பாலை விலக்கிய உணவன்று.

என் மறுப்பு அதைவிட அடிப்படையானது. 1900இல் ‘வைட்டமின்’ என்ற சொல்லே கிடையாது. 1912இல்தான் காசிமிர் ஃபங்க் அச்சொல்லின் முதல் வடிவத்தை உருவாக்கினார். ஆகவே, பச்சைப் பழம் உண்டவர் தேறுவதைக் கண்ட மருத்துவர், தமக்குக் கிடைத்த சொற்களைக் கொண்டு அதைச் சூரிய ஒளி என்று விளக்கியதில் பிழை காணமாட்டேன். ஆனால் வைட்டமின் சி என்னவென்று தெரிந்து, அது சூட்டில் குறைவதும் விளங்கிய பிறகு, அந்த விளக்கம் தேவையற்றதாகிவிட்டது. அந்த இடத்தில் நொதியைக் கொண்டுவந்து வைத்தவர் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஹோவெல். உடலில் நொதிகளின் கையிருப்பு வரையறுக்கப்பட்டது என்றும், உணவிலிருந்து நொதி வராவிட்டால் அந்த இருப்பு கரைந்துவிடும் என்றும் 1940களிலேயே எழுதினார். உடல் அப்படி இயங்குவதில்லை. நொதி என்பது புரதம். நம் செல்கள் அதைத் தேவைக்கேற்ப நாள்தோறும் புதிதாகச் செய்துகொள்கின்றன. உணவோடு உள்ளே போகும் நொதியில் பெரும்பகுதி இரைப்பையின் அமிலத்தில் உருக்குலைந்து, மற்ற எந்தப் புரதத்தையும் போலவே செரிக்கப்பட்டுவிடுகிறது.

தளிர் எழுதியது:

ஐயா, தாவர நொதியால் நமக்குப் பயனே இல்லை என்ற பொருளில் நீங்கள் சொன்னால், பூண்டை என்ன செய்வது? பூண்டை நசுக்கும்போது அதிலுள்ள அல்லினேஸ் என்ற நொதி வேலை செய்துதான் அதன் கார மணத்துக்குக் காரணமான அல்லிசின் உண்டாகிறது. முழுப் பல்லாக வேகவைத்தால் அது உண்டாவதில்லை. முட்டைக்கோஸ், முள்ளங்கி, பிராக்கோலி ஆகியவற்றில் மைரோசினேஸ் என்ற நொதி இதேபோன்ற வேலையைச் செய்கிறது. கடுகை அரைத்து நீர் விட்டதும் மூக்கில் ஏறும் காரம் அதனால் வருவதுதான். சூரியன், நொதி என்று பெயர்கள் மாறியிருக்கலாம். பெயர் தவறாகிவிட்டதால் கண்ட பயனும் பொய்யாகிவிடுமா? முளைகட்டும்போது பயறில் தாதுச்சத்துகளைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் குறைந்து, இரும்பும் துத்தநாகமும் உடலில் சேர்வது எளிதாவதை நீங்களும் மறுக்கமாட்டீர்கள்.

மருந்தாளுநர் எழுதியது:

மறுக்கவில்லை. நீங்கள் காட்டிய பூண்டும் கடுகும் மிகச் சரியான எடுத்துக்காட்டுகள். நான் பொதுப்படையாகச் சொன்னதில் அந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் அந்த நொதிகள் வேலை செய்வது நறுக்கும்போதும் மெல்லும்போதும். பூச்சியிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு அது. நம் செரிமானத்துக்குத் துணை செய்வதற்காக அது அங்கே இல்லை. பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் வைத்திருந்து பிறகு சமைத்தாலும், வெந்த பிராக்கோலியின் மேல் சிறிது கடுகுப்பொடி தூவினாலும் அந்தப் பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

மறுபுறம், வேகவைப்பதால் கூடும் பயன்களும் உண்டு. தக்காளியின் சிவப்பு நிறமியான லைக்கோபீன், எண்ணெயோடு சமைத்தால் உடலில் கூடுதலாகச் சேர்கிறது. ராஜ்மாவின் நச்சுப் புரதம் ஊறவைப்பதால் மட்டும் போவதில்லை, நன்றாகக் கொதிக்க வேண்டும். சமைக்காதவை என்று நாம் நம்பும் சிலவும் அப்படியல்ல. அவல், நெல்லைச் சுடுநீரில் ஊறவைத்து வறுத்து இடித்தது. முந்திரியும் ஓட்டை உடைப்பதற்கு முன்பே வறுபடுகிறது, அல்லது ஆவியில் வேகிறது.

ஜெர்மனியின் கீசன் நகரில், நெடுங்காலம் பச்சை உணவு உண்டவர்களை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவில், 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மாதவிடாய் ஓரளவோ முழுமையாகவோ நின்றுபோயிருந்தது. எடை குறைந்தவர்களிடம் அது மிகுதியாகக் காணப்பட்டது. 2005இல் வெளியான ஆய்வில் இப்படி உண்ணும் 201 பேரைப் பார்த்தார்கள். கெட்ட கொழுப்பு குறைவாக இருந்தது, அது உங்கள் பக்கம் நிற்கும் செய்தி. ஆனால் அவர்களில் 38 விழுக்காட்டினருக்கு வைட்டமின் பி12 பற்றாக்குறை. முளையிலோ கீரையிலோ கோதுமைப்புல்லிலோ நம்பத்தக்க அளவில் பி12 கிடையாது. இந்தப் பற்றாக்குறையால் நரம்பு பழுதான பிறகு அதை முழுவதும் மீட்பது கடினம்.

கோவை வாசகி எழுதியது:

நீங்கள் இருவரும் நொதியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். இயற்கை உணவு முகாம் ஒன்றுக்குப் போனவரிடம், பச்சை உணவு உண்டால் இன்சுலின் வேண்டியதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஊசியை நிறுத்தினார். ஒன்பதாம் நாள் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். நண்பர் தளிர் குறிப்பிட்ட ஆன் விக்மோர் மீதே, நீரிழிவுக்காரர்களுக்கு இன்சுலின் தேவை குறையும் அல்லது இல்லாமலேயே போகும் என்று சொன்னதற்காக, 1982இல் மாசசூசெட்ஸ் மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் வழக்குத் தொடுத்திருந்தார் என்பதைப் பிறகுதான் படித்தேன். வரலாற்றைச் சொல்பவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தளிர் எழுதியது:

அம்மா, அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. உணவு ஒழுக்கத்தை மருந்துக்கு மாற்றாக விற்பவர்களை நான் ஆதரிக்கவில்லை. பி12 மாத்திரையை முதல் ஆண்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். ‘உயிருள்ள உணவு’ எல்லா ஊட்டத்தையும் தரும் என்ற வாதத்துக்கு அந்த மாத்திரையே எதிர்ச்சான்று என்பதையும் உணர்கிறேன். காந்தியடிகளும் 1893இல் பிரிட்டோரியாவில் சமைக்காத உணவைச் சோதித்துப் பார்த்து, உடல் தளர்ந்து சில நாட்களில் விட்டார். 1929இல் மீண்டும் முயன்று, உடல்நிலை இடங்கொடுக்காமல் அதையும் நிறுத்தினார். சோதித்துப் பார்க்கும் துணிவும், ஒத்துவராதபோது விட்டுவிடும் நேர்மையும் அவரிடம் இருந்தன. எனக்கு இதுவரை ஒத்துவருகிறது. பச்சையாக உண்ணத் தொடங்கிய பிறகு என் தட்டில் காயும் பழமும் மும்மடங்காகிவிட்டன. எனக்குக் கிடைத்த நன்மை அதனால்தான் வந்தது, நொதியால் அன்று என்று மருந்தாளுநர் சொன்னால், இப்போது என்னிடம் அதற்கு உறுதியான மறுமொழி இல்லை.

கோவை வாசகி எழுதியது:

நன்றி, தம்பி. ஒரே ஒரு கேள்வி. கருவுற்றிருக்கும் என் மகளுக்கு இது ஐந்தாம் மாதம். முளைகட்டிய பயறு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பச்சையாகவே கொடுக்கலாமா?

தளிர் எழுதியது:

வேண்டாம் அம்மா. முளைகட்டும் ஈரமும் சூடும் கிருமிகளுக்கும் உகந்தவை, விதைக்குள் இருப்பது கழுவினாலும் போகாது. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையால் பரவிய ஈ.கோலி என்ற குடல் கிருமியின் தொற்றில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான் பச்சையாக உண்பது என் பொறுப்பில். உங்கள் மகளுக்கு நன்றாக வேகவைத்தே கொடுங்கள்.