கேஸ் என்று நினைத்த வலி: பித்தப்பைக் கல் அனுபவங்கள்

வில்லாபுரத்திலிருந்து:

அம்மாவுக்கு 58 வயது. வீட்டில் மல்லிகைப்பூ கட்டிக் கொடுப்பவர். போன ஆடியில் உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் குலசாமிக்குக் கெடா வெட்டு. மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டு வந்தவர், ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுக்குழியில் பிடித்த வலி வலப்பக்க விலாவுக்கு அடியில் இறங்கி, முதுகு வழியாகத் தோள்பட்டைக்கு ஏறியது. இரண்டு தடவை வாந்தி. "கேஸ்தான்ப்பா, ஓமத்தண்ணி குடிச்சா சரியாயிரும்" என்றார். மூன்று மணி நேரத்தில் வலி அடங்கியது. ஓமத்தண்ணிதான் கேட்டது என்று எல்லோரும் நம்பினோம்.

அந்த நம்பிக்கையில் நான்கு மாதம் போய்விட்டது. உண்மையில் அது பித்தப்பைக் கல் வலி. கொழுப்புள்ள சாப்பாடு உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கி, செரிக்க உதவுகிற பித்தநீரை வெளியே தள்ளும். அப்போது கல் பையின் வாயில் போய் அடைத்தால் வலி. கல் நகர்ந்துவிட்டால் வலி நின்றுவிடும். அந்த நேரத்தில் சோடா குடித்திருந்தால் சோடாவுக்குப் பேர், மாத்திரை போட்டிருந்தால் மாத்திரைக்குப் பேர்.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் போகும்போதெல்லாம் அல்சர் மாத்திரைதான் கொடுத்தார்கள். ஒரு தடவை ஈசிஜியும் எடுத்தோம். (அது வீண் செலவு இல்லை. அந்த இடத்து வலிக்கு இதயத்தையும் பார்க்கத்தான் வேண்டும்.) வேறொரு டாக்டர்தான் விலாவுக்கு அடியில் விரலை வைத்து அழுத்தி, "மூச்சை நல்லா இழுங்கம்மா" என்றார். பாதி மூச்சிலேயே அம்மாவுக்கு வலியில் நின்றுவிட்டது. மறுநாள் காலையில் வெறும் வயிற்றில் ஸ்கேன். சாப்பிட்டுவிட்டுப் போனால் பை சுருங்கிக் கல் சரியாகத் தெரியாதாம். பல கற்கள், பெரியது 12 மில்லிமீட்டர்.

ஆபரேஷன் என்றதும், தையில் தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம். அதற்குள் சொந்தக்காரர் ஒருவர் தனக்குக் கல் கரைந்ததாகச் சொல்ல, தினமும் காலையில் வாழைத்தண்டுச் சாறு. அவருக்கு இருந்தது சிறுநீரகக் கல். சிறுநீர் போகிற பாதை வேறு, பித்தநீர் போகிற பாதை வேறு. எந்தக் கல் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

மார்கழியில் நடுக்கத்தோடு காய்ச்சல். கண் மஞ்சளாகிவிட்டது, சிறுநீர் கட்டங்காப்பி நிறம். அக்கம்பக்கத்தில் அன்போடு கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தார்கள். இங்கேதான் எல்லோரும் கவனிக்க வேண்டும். மஞ்சள் காமாலை எல்லாம் ஒன்றல்ல. அம்மாவுக்குக் கல் நழுவிப் பித்தக்குழாயை அடைத்திருந்தது. அந்த அடைப்போடு காய்ச்சலும் சேர்ந்தால் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கணையமும் வீங்கலாம். அன்று ராத்திரியே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

முதலில் இ.ஆர்.சி.பி. வாய் வழியாகக் குழாய் விட்டு, பித்தக்குழாய் சிறுகுடலில் திறக்கிற இடத்தைக் கொஞ்சம் கீறிக் கல்லை எடுத்தார்கள். வயிற்றில் தையலே கிடையாது. நான்கு நாள் கழித்து லேப்ராஸ்கோப்பியில் நாலு சின்னத் துளை போட்டுப் பித்தப்பையை எடுத்தார்கள்.

கற்களைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். எண்ணிப் பார்த்தேன், பதினேழு. மிளகு அளவில் கருகருவென்று நிறைய. பட்டாணி அளவில் ரெண்டு மூன்று. ஒன்றை விரலால் அழுத்தியதும் பொடிந்து கறுப்பாக ஒட்டிக்கொண்டது. அம்மா டப்பாவை டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வச்சுக்கிட்டா இத்தனை மாசம் பூக் கட்டுனேன்?" என்றார்.

மேலூரிலிருந்து:

எனக்குப் பெரியாஸ்பத்திரியில் லேப்ராஸ்கோப்பிதான். மறுநாள் வயிற்றைவிடத் தோள்பட்டை வலித்தது, பயந்துவிட்டேன். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஏற்றி உப்பவைத்துத்தான் ஆபரேஷன் செய்வார்களாம். மிச்சமிருக்கிற வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானம் என்ற தசையை உறுத்துவதால் வருகிற வலி அது என்று நர்ஸம்மா சொன்னார்கள். வராந்தாவில் மெதுவாக நடந்தேன், ரெண்டு நாளில் போய்விட்டது. கல்லை மட்டும் எடுத்தால் போதாதா என்று நானும் கேட்டேன். பை இருந்தால் திரும்பக் கல் சேருமாம்.

திருமங்கலத்திலிருந்து:

கல் இருந்தாலே கத்தி வைக்க வேண்டும் என்று யாரும் பயப்பட வேண்டாம். அப்பாவுக்கு வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது 8 மில்லிமீட்டர் கல் தெரிந்தது. வலி எதுவும் இல்லாததால் விட்டுவிடலாம் என்றார் டாக்டர். ஆறு வருஷம் ஆச்சு, நன்றாக இருக்கிறார். கரைக்கிற மாத்திரை கேட்டோம். சின்னக் கொலஸ்ட்ரால் கல்லுக்குத்தான் கேட்கும், மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், நிறுத்தினால் பலருக்குத் திரும்பவும் வரும் என்றார்.

அலங்காநல்லூரிலிருந்து:

தம்பி, இப்போது அம்மா என்ன சாப்பிடுகிறார்கள்? பை இல்லாமல் எப்படிச் செரிக்கும்? எனக்கும் சாப்பிட்டபின் அதே இடத்தில் பிடிக்கிறது.

வில்லாபுரத்திலிருந்து:

அக்கா, பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பை அதைச் சேர்த்துவைக்கிற இடம்தான். இப்போது பித்தநீர் நேராகக் குடலுக்குப் போகிறது. முதல் ஒரு மாதம் எண்ணெய் குறைத்து இட்லி, ரசம் சாதம், இடியாப்பம். கொஞ்ச நாள் வயிறு இளகிப் போனது, பிறகு சரியாகிவிட்டது. போன வாரம் கறிக்குழம்பு அளவாகச் சாப்பிட்டார், ஒன்றும் செய்யவில்லை. ராத்திரி சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு, நாளைக் காலையில் காபி கூடக் குடிக்காமல் போய் டாக்டரிடம் காட்டி ஸ்கேன் எடுத்துவிடுங்கள் அக்கா. காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் காலை வரை பார்க்க வேண்டாம், ராத்திரியே கிளம்பிவிடுங்கள்.