ஆலய வாசலில் வைக்கப்பட்ட மனு: 365ஆம் பிரிவும் நமது மனச்சாட்சியும்

கேள்வி: உடுவிலான்

யாழ்ப்பாணத்தில் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு சபையில் பதினொரு ஆண்டுகளாகப் பாடகர் குழுவை நடத்தி வருகிறேன். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் தன்பாலின உறவைக் குற்றமாக்கும் 365, 365அ ஆகிய பிரிவுகளை நீக்கக் கூடாது என்று கோரும் மனு ஒன்று, சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஆலய வாசலில் மேசை போட்டுக் கையொப்பத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. வீட்டில் ஆறுதலாக வாசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி நான் நழுவிவிட்டேன். எனக்குப் பின்னால் நின்ற இளைஞனுக்கு அப்படிச் சொல்லத் துணிவு வரவில்லை. தனக்கு ஆண்கள்மீதே ஈர்ப்பு உண்டு என்பதைச் சில மாதங்களுக்கு முன் என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னவன் அவன். பேனாவை வாங்கி, தன்னையே சிறைக்கு அனுப்பக்கூடிய சட்டம் நிலைக்க வேண்டும் என்ற தாளில் தன் பெயரை எழுதிவிட்டுப் போனான். அதன் பிறகு பயிற்சிக்கு வரவில்லை.

என் நம்பிக்கையை நான் மறைக்கவில்லை. மத்தேயு 19ஆம் அதிகாரத்தில் இயேசு ஆதியாகமத்தை எடுத்துக்காட்டி, "இருவரும் ஒரே மாம்சமாயிருப்பார்கள்" என்று சொன்ன இடத்தில்தான் திருமணம் பற்றிய என் புரிதல் நிற்கிறது. அதை மாற்றிக்கொள்ளும் எண்ணமும் இல்லை. ஆனால் ஒன்றைப் பாவம் என்று நம்புகிறவன் அதற்குச் சிறைத்தண்டனை கேட்டாக வேண்டுமா? மனுவில் ஒப்பமிடாவிட்டால் நான் வேதத்தை மறுதலிக்கிறேனா? இரு தரப்பிலும் வசைமொழிகளை நிறையவே கேட்டுவிட்டேன். தயவுசெய்து காரணங்களைச் சொல்லுங்கள்.

பதில்: மறைக்கல்வி ஆசிரியை

நான் கத்தோலிக்கப் பெண். பங்கில் மறைக்கல்வி கற்பிக்கிறேன். எங்கள் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2357 முதல் 2359 வரையான எண்கள் இதைப் பற்றியவை. முதலாவது எண் தன்பாலினச் செயல்கள் ஒழுங்குக்கு முரணானவை என்று எவ்விதத் தயக்கமுமின்றிக் கூறுகிறது. அடுத்த எண், அத்தகைய ஈர்ப்புள்ளவர்களை மதிப்போடும் இரக்கத்தோடும் ஏற்க வேண்டும் என்றும், அவர்களுக்கு எதிரான அநீதியான பாகுபாட்டின் எந்த அடையாளமும் தவிர்க்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. மூன்றாவது, அவர்களைக் கற்புநெறிக்கு அழைக்கிறது. முதல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர்களையும், இரண்டாவதை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்களையும் நான் நிறையச் சந்தித்திருக்கிறேன்.

நீங்கள் கேட்ட வேறுபாட்டைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2023 ஜனவரியில் ஒரு செய்தி நிறுவனத்துக்கு அளித்த செவ்வியில் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார்: தன்பாலீர்ப்பு உள்ளவராக இருப்பது குற்றம் அல்ல, பாவத்தையும் குற்றத்தையும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். அதனால் அவர் கோட்பாட்டை மாற்றிவிடவில்லை. உங்கள் புரொட்டஸ்தாந்து மரபிலும் இது புதிதல்ல. வயதுவந்தோரின் தன்பாலினச் செயல்களைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கப் பரிந்துரைத்த வூல்ஃபெண்டன் அறிக்கை இங்கிலாந்தில் 1957இல் வெளிவந்தபோது, அந்தச் செயலைப் பாவம் என்றே கருதிய கன்ரபரிப் பேராயர் ஜெஃப்ரி ஃபிஷர், அது குற்றவியல் சட்டத்தின் வேலை அல்ல என்ற வாதத்தை ஏற்றார். அவருக்குப் பின் வந்த மைக்கேல் ராம்சேயும் அவ்வாறே நின்றார். 1967இல் அங்கே சட்டம் மாறியது.

பதில்: ஓய்வுபெற்ற சட்டத்தரணி

நான் சைவன், ஆகவே உங்கள் இறையியலுக்குள் நுழையவில்லை. ஆனால் மனுவில் ஒப்பமிடுகிறவர் அது எதைப் பாதுகாக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இவை 1883இல் ஆங்கிலேயர் இயற்றிய சட்டக்கோவையில் உள்ள பிரிவுகள். யாழ்ப்பாணத்தவரின் வழக்கத்தைத் தேடினால் தேசவழமையில் சொத்தும் சீதனமும் பற்றி நிறையக் கிடைக்கும். 365ஆம் பிரிவோ நாமாக எழுதிக்கொண்ட சட்டமல்ல. 365அ ஆரம்பத்தில் ஆண்களை மட்டுமே குறித்தது. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தில் "ஆண்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "ஆள்" என்று பொதுவாக்கினார்கள்; நீக்கும்படி கேட்டவர்களுக்குக் கிடைத்தது பெண்களையும் உள்ளடக்கிய குற்றம். இப்படியும் ஒரு சமத்துவம்!

2016இல் உயர் நீதிமன்றம் 365அ பிரிவின் கீழான ஒரு வழக்கில் குற்றத்தீர்ப்பை உறுதிசெய்தாலும், சிறைத்தண்டனையை ஒத்திவைக்கப்பட்ட தண்டனையாக மாற்றியது. 2023 மே மாதத்தில், இப்பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று அதே நீதிமன்றம் தீர்மானித்தது; ஆனால் 2024இல் பாராளுமன்றம் கலைக்கப்படும் வரையில் அது நிறைவேற்றப்படவில்லை. சிறுவர் துஷ்பிரயோகத்தைக் காட்டிச் சிலர் அச்சமூட்டுவார்கள். வயதுவந்த இருவரின் சம்மதமும் சிறுவருக்கு இழைக்கப்படும் கொடுமையும் ஒன்றல்ல. பின்னையதற்கு வேறு பிரிவுகள் உண்டு, அவற்றை யாரும் நீக்கச் சொல்லவில்லை.

பதில்: மூப்பர் ஒருவர்

தம்பி உடுவிலான், நான் இத்தகைய மனுவில் ஒப்பமிட்டவன். அதற்கான காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ரோமர் முதலாம் அதிகாரமும் 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரமும் காலத்தோடு மாறுகிற வழக்கங்களைப் பேசவில்லை, படைப்பின் ஒழுங்கைப் பேசுகின்றன என்பது என் உறுதியான நம்பிக்கை. சட்டம் எவரையும் நல்லவனாக்காது என்பதை அறிவேன். எனினும் நமது வளவுகளில் வேலி அடைப்பது கள்வனைத் திருத்துவதற்காக அல்ல, எல்லை எது என்று எல்லோருக்கும் தெரிவதற்காகவே; 365ஐயும் நான் அவ்வாறே பார்க்கிறேன். வேலியைப் பிரித்தால் அடுத்து எங்கள் பிரசங்கமே குற்றமாகிவிடுமோ என்ற பயமும் எனக்கு உண்டு. இது மிகைப்பட்ட பயம் என்று சட்டத்தரணி ஐயா சொல்லக்கூடும்.

ஆயினும், ஆராதனை முடிந்து வருகிற மனிதரின் கையில் பேனாவைத் திணிப்பதை நான் ஏற்கவில்லை. அயலவர் பார்த்துக்கொண்டிருக்கப் போடப்படும் ஒப்பம் மனச்சாட்சியின் ஒப்பம் அல்ல. அந்தப் பிள்ளையின் ஒப்பத்தை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

பதில்: பெயர் வேண்டாம்

நான் உங்கள் பாடகர் குழுவில் இருப்பவன் அல்ல, ஆனால் அவனைப் போன்றவன். திருமுழுக்குப் பெற்றவன், இன்றும் வேதம் வாசிக்கிறவன்.

மூப்பர் ஐயா சுட்டிய 1 கொரிந்தியர் 6:9இல், நமது பழைய மொழிபெயர்ப்பு "சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்" என்று சொல்கிறது. முதற்சொல்லுக்குக் கிரேக்கத்தில் உள்ளது "மலாகோய்", நேர்ப்பொருள் "மென்மையானவர்கள்". வேறு மொழிபெயர்ப்புகள் அதையே வேறுவிதமாக எழுதுகின்றன. ஒரு சொல்லை இவ்வளவு வேறுபாடாக மொழிபெயர்த்தவர்கள் அனைவரும் நேர்மையானவர்களே என்றால், கொஞ்சம் தாழ்மையோடு அதை மேற்கோள் காட்டலாம் என்பது என் விண்ணப்பம். அடுத்த வசனத்திலேயே "பொருளாசைக்காரரும்" வருகிறார்கள். வீடும் நகையும் காசும் பேசி முடித்த கலியாணங்களுக்கு ஆலயத்தில் ஆசீர்வாதம் கேட்டபோது, சீதனத்துக்கு எதிரான மனு எந்த வாசலிலும் வைக்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

என்னோடு உடன்படும்படி நான் யாரையும் கேட்கவில்லை. "கலியாணம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி எனக்கொரு பெண்ணைத் தேடாதீர்கள். அதில் கெடுவது என் வாழ்க்கை மட்டுமல்ல. எதுவும் அறியாத ஒரு பிள்ளையின் வாழ்க்கையும்தான்.

பதில்: மூப்பர் ஒருவர்

இரண்டாவது சொல்லான "அர்செனோகொய்தாய்", லேவியராகமம் 20:13இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் அருகருகே வரும் இரு சொற்களிலிருந்து உருவானது என்பதே எமது தரப்பின் வலுவான வாதம். ஆகவே வாசிப்பில் நாங்கள் உடன்படப் போவதில்லை. சீதனத்தைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. என் இரு மகன்மாரின் திருமணங்களிலும் நான் அமைதியாக இருந்தேன். ரோமர் முதலாம் அதிகாரத்தை வாசித்துவிட்டு நான் வழக்கமாகப் புத்தகத்தை மூடிவிடுவேன். அடுத்த அதிகாரத்தின் முதல் வசனம் "போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை" என்று மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறது.

பதில்: மறைக்கல்வி ஆசிரியை

ஒரு சிறு குறிப்பு. பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகமத் தமிழாக்கத்தில் உழைத்த ஆறுமுக நாவலர், பின்னர் கிறிஸ்தவத்தைக் கடுமையாக மறுத்து எழுதியவர். கண்டனம் என்பது நமது மண்ணில் பழகிய இலக்கிய வகை. எழுதியவரின் பக்கத்தைக் காட்டி, வரியைக் காட்டி மறுப்பார்கள். நம் காலத்தில் அது வேலியோரக் கதையாகச் சுருங்கிவிட்டது. கொள்கையை மறுப்பவருக்குப் பதில் எழுதலாம்; இன்னாரின் மகன் இப்படியாம் என்று கிசுகிசுப்பவருக்கு என்ன பதில் எழுதுவது?

கேள்வி கேட்டவர்: உடுவிலான்

அனைவருக்கும் நன்றி. திருமணம் பற்றிய என் கருத்து மாறவில்லை. "பெயர் வேண்டாம்" என்பவர் காட்டிய சொல்லை நானும் வேறு மொழிபெயர்ப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எனக்கு முழு வசனமும் இன்னும் மூப்பர் ஐயா சொல்வது போலவே படுகிறது. ஆனாலும் மனுவில் ஒப்பமிடவில்லை. தாளை வெறுமையாகவே போதகரிடம் திருப்பிக் கொடுத்து, என் காரணத்தையும் ஒரு பக்கத்தில் எழுதி இணைத்திருக்கிறேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பதை அவர் முகமே சொன்னது. பாடகர் குழுவைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்றார்.

நேற்று மாலை அந்த இளைஞனின் வீட்டுப் படலையைத் தட்டினேன். தாயார் தேநீர் தந்தார்; அவர் முன்னால் எதையும் பேச இயலவில்லை. போகும்போது, ஒப்பமிட்டதற்காக நான் தன்னைத் தாழ்வாக எண்ணுகிறேனா என்று அவன் ஒழுங்கையில் வைத்துக் கேட்டான். நானும் துணிந்து மறுக்காமல் நழுவியவன்தான் என்று சொன்னேன். வியாழக்கிழமைப் பயிற்சிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.