இரும்புக் குழாயை நான் வாங்கித் தரவா, வெல்டரே வாங்கட்டுமா?

அரைகுறைவீடு:
மாடிப்படிக்குக் கைப்பிடி, மேலே பால்கனிக்கு ஒரு தடுப்பு, முன்வாசலுக்கு இரட்டைக் கதவு கேட். மூன்றையும் பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்திருக்கும் வெல்டரிடமே கொடுக்கலாம் என்று இருக்கிறேன். "சாமான் எல்லாம் நானே போட்டு, அடிக் கணக்கில் முடித்துத் தருகிறேன்" என்கிறார் அவர். "இரும்பை நீயே வாங்கிக் கொடு, கூலி மட்டும் பேசு" என்கிறார் என் மைத்துனர். யார் சொல்வதைக் கேட்பது?

துருவேறியவன்:
மைத்துனர் சொல்வதைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை, அதனால்தான் எனக்கு இந்தப் பெயர்.

அடிக் கணக்கு என்றால் குழாய் மெலிய மெலிய அவருக்கு லாபம். 40க்கு 40 மி.மீ. சதுரக் குழாய் 2 மி.மீ. தடிமனிலும் வரும், 1.2 மி.மீ. தடிமனிலும் வரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். எனக்கு 2 என்று பேசி 1.2 போட்டுவிட்டார்கள். பெயிண்ட் அடித்து நிறுத்தியபோது கேட் புதுமாப்பிள்ளை மாதிரிதான் இருந்தது. மூன்றாவது மழைக்காலம் முடிந்து கீழ்ச்சட்டத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போய்விட்டது. போய்க் கேட்டால், "நீங்கள் சரியாகப் பெயிண்ட் அடித்துப் பராமரிக்கவில்லை" என்று பதில்.

கேடயம்:
நான் வெல்டர். இருபது வருடத்துக்கு மேல் ராடு பிடிக்கிறேன், அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

துருவேறியவன் அண்ணே, உங்களுக்கு நடந்தது ஏமாற்றுதான். ஆனால் உங்கள் கீழ்ச்சட்டம் மெலிவால் மட்டும் போகவில்லை. குழாய்க்குள் இறங்கிய தண்ணீருக்கு வெளியேற வழி இருந்திருக்காது. மேல் முனைகளை முழுதாக மூடியிருக்க வேண்டும், கீழே சின்னதாக ஓர் ஓட்டை விட்டிருக்க வேண்டும். இது இரண்டும் இல்லாவிட்டால் 2 மி.மீ. குழாயும் உள்ளிருந்தே அரித்துப் போகும், கொஞ்சம் தாமதமாக.

இப்போது வீட்டுக்காரர் வாங்கிவரும் இரும்பின் கதை. போன வருடம் ஒருவர் துரு பிடிக்காது என்று துத்தநாகப் பூச்சு போட்ட குழாயாகவே வாங்கி வந்து இறக்கிவிட்டார். இரும்பு உருகுவதற்கு வெகு முன்பே, 907 டிகிரியில் துத்தநாகம் கொதித்துப் புகையாகிவிடும். அந்தப் புகையை உள்ளே இழுத்தால் அன்று சாயங்காலமே குளிர்காய்ச்சல் போல உடம்பைப் போட்டு உலுக்கும். அதனால் ஒவ்வொரு மூட்டிலும் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் பற்றவைத்தேன். முடித்த பிறகு அந்த இடங்களுக்குத் துத்தநாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றேன். "பூச்சுக்குத்தான் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டேனே" என்று சொல்லிவிட்டார். இன்றைக்கு மூட்டுக்கு மூட்டு துரு. பழி யார் மேல்? வெல்டிங் சரியில்லையாம்.

நாளைக்கு ஏதாவது ஒடிந்தால், குழாய் உங்களுடையது என்று நான் சொல்வேன், வெல்டிங் உன்னுடையது என்று நீங்கள் சொல்வீர்கள். பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்கட்டும் என்றுதான் சாமானையும் நாங்களே போடுகிறோம்.

துருவேறியவன்:
"கொஞ்சம் தாமதமாக" என்று போகிற போக்கில் சொல்கிறீர்கள். எனக்கு வேண்டியது அந்தத் தாமதம்தானே! அப்புறம், ஓட்டை விடாததும் அதே ஆள்தான். பொறுப்பு ஒரே ஆளிடம் இருந்தது, பதில் மட்டும் வரவில்லை.

நூலளவு:
இருவரும் தராசை மறந்துவிட்டீர்கள். இரும்பின் அடர்த்தி மாறாது, அதனால் எடை பொய் சொல்லாது. 40க்கு 40 குழாய், 6 மீட்டர் நீளம், 2 மி.மீ. தடிமன் என்றால் சுமார் 14 கிலோ வர வேண்டும். 1.2 மி.மீ. என்றால் 9 கிலோவைத் தொடாது. கம்பிக்கு இன்னும் எளிது: விட்டத்தை மி.மீ.யில் எடுத்து வர்க்கமாக்கி 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கான கிலோ. 12 மி.மீ. கம்பி என்றால் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.89 கிலோ. யார் வாங்கினால் என்ன, வெட்டுவதற்கு முன் ஒரு முழுக் குழாயைத் தராசில் வைத்துவிட்டால் தகராறு முடிந்தது.

கிலோ கணக்கில் பேசலாமே என்று அடுத்து யாராவது வருவார்கள். அதில் சிக்கல் தலைகீழ். கேட் கனக்கக் கனக்க அவருக்கு லாபம். தேவையில்லாத இடத்திலெல்லாம் இரும்புப் பட்டை ஓடும், பாரம் தாங்காமல் கீல் இறங்கி, கேட் தரையை உரசும்.

கேடயம்:
தராசுக்கு நான் தயார். ஆனால் இங்கே எல்லோரும் குழாயையே பார்க்கிறீர்கள், வெல்டிங் மூட்டுகளை ஒருவரும் பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் கேட்கும் முதல் விஷயம் "வழவழவென்று இருக்க வேண்டும்". சரி என்று வெல்டிங் மேட்டைக் கிரைண்டரால் மட்டமாகத் தேய்க்கிறோம். மெல்லிய குழாயில் அந்த மேடுதான் பலமே. அதைத் தேய்த்து எடுத்தால் காகிதம் மாதிரி ஒன்றுதான் மிஞ்சும். மேலே பட்டி பூசி பெயிண்ட் அடித்தால் அழகு. மோசமான ஆள் இன்னும் ஒரு படி கீழே போவான்: நாலு மூலையில் டாக் (பொட்டு அளவு வெல்டிங்) மட்டும் வைத்துவிட்டு இடைவெளியைப் பட்டியால் அடைத்துவிடுவான். குழாயை நீங்களே வாங்கிக் கொடுத்திருந்தாலும் இதை எப்படிப் பிடிப்பீர்கள்?

துருவேறியவன்:
பிடிக்க முடியாது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்!

கேடயம்:
பிடிக்கலாம். பிரைமர், அதாவது பெயிண்டுக்கு அடியில் போகும் முதல் பூச்சு, அடிப்பதற்கு முன்னால் பட்டறைக்கு ஒரு நடை வாருங்கள். வெல்டிங் மேல் படியும் கசடைத் தட்டி எடுத்திருக்க வேண்டும். மூட்டைச் சுற்றி நாலு பக்கமும் வெல்டிங் ஓடியிருக்க வேண்டும், சுவரை ஒட்டி மறையப்போகும் பக்கமும் சேர்த்து. ஊசித் துளைகள், ஓரத்தில் பள்ளம், உருகிக் கலக்காமல் மெழுகு சொட்டியது போல மேலே உட்கார்ந்திருக்கும் உலோகம், இவையெல்லாம் வெறும் கண்ணுக்கே தெரியும். கேட் என்றால் மூலைவிட்டம் இரண்டையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லை என்றால் வெல்டிங் சூட்டில் சட்டம் கோணியிருக்கிறது. நீங்கள் முதல் தடவை வரும்போதே சிவப்புப் பிரைமர் அடித்திருந்தால் எல்லாம் முடிந்த பிறகு வந்திருக்கிறீர்கள்.

மூலைமட்டம்:
வந்து பாருங்கள், ஆனால் பற்றவைக்கும்போது வேடிக்கை பார்க்காதீர்கள். எங்கள் வீட்டில் மாடியிலேயே வேலை நடந்தது. என் பையன் ஓரமாக நின்று பார்த்திருக்கிறான். அப்போது ஒன்றும் இல்லை, நடுராத்திரியில் கண்ணில் மணலைக் கொட்டியது போல எரிகிறது என்று அழ ஆரம்பித்துவிட்டான். புற ஊதாக் கதிர் கண்ணைச் சுட்டால் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னார். முடிந்தவரை பட்டறையிலேயே செய்து கொண்டுவரச் சொல்லுங்கள். (என்னைக் கேட்டால் சாமானை வெல்டரே வாங்கட்டும். கடைக்கு நாலு தடவை அலைந்தவன் சொல்கிறேன்.)

நூலளவு:
அரைகுறைவீடு, மூன்று வேலையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கேட் கெட்டால் எரிச்சல், பால்கனித் தடுப்பு கெட்டால் ஆள் விழுவார். 1 மீட்டர் உயரத் தூணின் தலையில் ஒருவர் 50 கிலோ அளவுக்குச் சாய்ந்து தள்ளுகிறார் என்று வையுங்கள். தூணைத் தளத்தோடு பிடிக்கும் அடித்தகட்டில் போல்ட்டுக்கும் தகட்டின் எதிர் விளிம்புக்கும் 10 செ.மீ. இருந்தால், அந்தப் பக்கத்து போல்ட்டுகள் எல்லாம் சேர்ந்து 500 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். போல்ட்டைத் தளத்தின் விளிம்பை ஒட்டிப் போட்டால் கான்கிரீட்டே பெயர்ந்து வரும். கம்பிகளுக்கு நடுவே 10 செ.மீ. உருண்டை நுழையக் கூடாது. குழந்தையின் தலைக்கான கணக்கு அது, பல நாட்டுக் கட்டட விதிகளில் இருக்கிறது. இதையெல்லாம் வெல்டரிடம் வாயால் சொல்லாதீர்கள், காகிதத்தில் வரைந்து கொடுங்கள்.

துருவேறியவன்:
பால்கனிக்கு மட்டும் கேடயம் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்கட்டும். கேட்டுக்கு நான் இறங்கி வர மாட்டேன். குழாய் என் கையால்தான் வாங்குவேன்.

கேடயம்:
வாங்குங்கள் அண்ணே. வெட்டுப் பட்டியல் மட்டும் முதலில் வெல்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 6 மீட்டர் குழாயில் 1.1 மீட்டர் தூண் ஐந்துதான் வரும், மிச்சம் அரை மீட்டர் துண்டு. இதைக் கணக்கில் சேர்க்காமல் வாங்கிவிட்டு, "ஒரு குழாய் எங்கே போச்சு" என்று எங்களைத்தான் கேட்பீர்கள்.

அரைகுறைவீடு:
இன்று பட்டறைக்குப் போய்ப் பேசிவிட்டேன். சாமான் அவரே போடுகிறார். குழாயின் அளவும் தடிமனும் எழுத்தில் வாங்கிவிட்டேன், பால்கனிக்குப் படம் வரைந்து கொடுத்தாயிற்று. பிரைமருக்கு முன்னால் நான் வந்து பார்த்த பிறகுதான் அடுத்த தவணைப் பணம். தடிமனை எப்படிப் பார்ப்பது என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். மனிதர் சிரித்துக்கொண்டே தன் வெர்னியரை (தடிமன் அளக்கும் கருவி) எடுத்து நீட்டினார், "நீங்களே அளந்துகொள்ளுங்கள் சார்" என்று. சரியாக 2 காட்டியது.

துருவேறியவன்:
அவருடைய வெர்னியரா?