அடையாறு முகத்துவாரம்: எத்தனை மணிக்குப் போனால் உள்ளான்களைப் பார்க்கலாம்?

நீலாங்கரைக்காரன்:
ஞாயிறன்று மகளுடன் உடைந்த பாலத்துக்குப் போகிறேன். ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணைப்படி காலை எட்டு மணிக்கு நீர் வற்ற வேண்டும். அதை நம்பிக் கிளம்பலாமா? உள்ளான் முதலான, சேற்றில் ஓடும் சின்னப் பறவைகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக இருக்கின்றன. எப்படிப் பிரித்தறிவது?

கழிக்கரை:
அந்த அட்டவணை துறைமுகத்துக்கானது. அடையாற்றில் முதலில் முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மழை வெள்ளம் மணல்மேட்டை உடைத்திருந்தால்தான் கடல்நீர் தாராளமாக ஏறி இறங்கும். மணல் மூடிக்கொண்டால் அமாவாசையோ பௌர்ணமியோ, உள்ளே நீர்மட்டம் அசையாது. சென்னையில் ஓதமே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதுவும் குறுகிய வாய் வழியாக வெளியேற வேண்டியிருப்பதால் உள்ளே தாமதமாகத்தான் வற்றும். ஆனாலும் ஏழு மணிக்கே போய்விடுங்கள். சேறு தலைகாட்டத் தொடங்கும்போதே பறவைகள் நீரோரமாக இறங்கிவிடும். நன்றாக வற்றிய பிறகு நடுத்திட்டுக்குப் போய்ப் புள்ளிகளாகிவிடும்.

காலையில் பாலத்தருகே ஆற்றைப் பார்த்து நின்றால் வெயில் முதுகில் விழும். மாலையில் எல்லாம் கறுப்பு உருவங்கள்தான். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்; பறவைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இனி, பிரித்தறிவது. நிறத்தை விடுங்கள், இரை தேடும் விதத்தைப் பாருங்கள். உப்புக்கொத்தி நாலு அடி ஓடும், சட்டென நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். கொசு உள்ளான் தலை நிமிராமல் தையல் இயந்திரம் போலக் குத்திக்கொண்டே போகும். உப்புக்கொத்தியின் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தால் அது பட்டாணி உப்புக்கொத்தி. சற்றுப் பெரிய உள்ளான்களில், பறக்கும்போது சிறகின் பின்விளிம்பு வெள்ளையாகப் பளிச்சிட்டால் பவளக்காலி. பச்சைக்காலிக்கு அந்த வெள்ளை இல்லை; அலகு சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும்.

நீலாங்கரைக்காரன்:
நன்றி ஐயா. மகளுக்கு ஏழு வயது. சேற்றில் இறங்கிக் கிட்டே போகலாமா?

கழிக்கரை:
கூடவே கூடாது. கால் புதையும். அதைவிட, வலசை வந்த பறவை, நீர் வற்றியிருக்கும் சில மணி நேரத்துக்குள் வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அந்த நேரம்தான் வீணாகிறது. கரையில் ஓரிடத்தில் உட்காருங்கள், அவை தாமாகவே நெருங்கி வரும்.

பட்டினப்பாக்கத்தான்:
பாலத்தின் உடைந்த முனைக்குக் குழந்தையை விடாதீர்கள். ஆய்வாளர்கள் காலில் வண்ணப் பட்டை கட்டிய பறவை கண்ணில் பட்டால் எந்தக் கால், என்ன நிறம், என்ன எழுத்து என்று குறித்துக்கொண்டு மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள்.