மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பணியும் அலுவலகப் பணியும்: எப்படித் தேடுவது?

கேள்வி (திண்டிவனத்திலிருந்து):
வணக்கம். வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, நெட் எனும் தேசியத் தகுதித் தேர்விலும் தேர்ச்சியடைந்து, தனியார் கல்லூரியொன்றில் நான்கு ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். தம்பி பி.காம். முடித்துத் தட்டச்சும் கற்றவன். புதுவைப் பல்கலைக்கழகத்திலோ திருவாரூரிலுள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திலோ பணியில் சேர்வது எங்கள் இருவரின் விருப்பம். சென்ற முறை நான் விண்ணப்பித்தபோது நேர்முகத் தேர்வுக்கு அழைப்பே வரவில்லை. எங்கே தவறியிருப்பேன்?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற பேராசிரியர்):
அம்மா, மத்தியப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர் பணியிடங்களுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 மே மாதம் ‘சி.யு. சயன்’ என்ற பொதுத் தளத்தைத் தொடங்கியது. முதலில் அதைப் பாருங்கள். அழைப்பு வராததற்கான விடை பெரும்பாலும் ஆசிரியர் நியமனத்துக்கான அக்குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறையின் 3ஏ அட்டவணையில் இருக்கும். முனைவர் பட்டத்துக்கு 30, நெட் தேர்ச்சிக்கு 5, இளநிலை ஆய்வு நல்கையுடன் (ஜே.ஆர்.எஃப்.) தேர்ச்சி என்றால் 7, கற்பித்த ஆண்டொன்றுக்கு 2 வீதம் அதிகபட்சம் 10, ஆய்வுக் கட்டுரைகளுக்கு அதிகபட்சம் 10 என்று மதிப்பெண் வழங்கி, அதன் வரிசையில்தான் நேர்முகத்துக்கு அழைக்கிறார்கள். உள்ளே சென்றபின் அந்த மதிப்பெண் எண்ணப்படாது. தேர்வு முழுவதும் நேர்முகத்தைப் பொறுத்தது. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் மதிப்பெண்ணை நீங்களே கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் கையில் சான்று இருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள். தகுதியுள்ள பிள்ளைகள் ஒரு தாள் இல்லாமல் வெளியே நிற்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

மறுமொழி 2 (பல்கலைக்கழக அலுவலர்):
தம்பிக்கு வழி வேறு. அலுவலகப் பணியிடங்களுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் வரும் அறிவிப்பையே தொடர்ந்து பார்க்க வேண்டும். கீழ்நிலை எழுத்தர் பணிக்கு எழுத்துத் தேர்வோடு கணினியில் தட்டச்சுத் தேர்வும் உண்டு. ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 35 சொற்கள் என்பது வழக்கமான அளவு. தமிழ்த் தட்டச்சில் மட்டும் பழகியிருந்தால் இன்றே ஆங்கிலத்தையும் தொடங்கட்டும். ஒன்றிய அரசு 2016 சனவரி முதல் கீழ்நிலை எழுத்தர் போன்ற குரூப் சி பணிகளுக்கு நேர்முகத் தேர்வை நீக்கிவிட்டதால், பரிந்துரை பிடித்துத் தருவதாகப் பணம் கேட்பவர் எவராயினும் நம்ப வேண்டாம்.

மறுமொழி 3:
இட ஒதுக்கீட்டில் விண்ணப்பிப்பதாக இருந்தால், மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் இங்கே செல்லாது. ஒன்றிய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் வேண்டும்; உங்கள் சாதி ஒன்றியப் பட்டியலிலும் இருக்க வேண்டும். கடைசி நாளுக்குள் கையில் வராமல் நான் ஒரு வாய்ப்பை இழந்தேன். அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஐயா, என் நான்கு ஆண்டு அனுபவத்துக்கு எட்டு மதிப்பெண் உறுதிதானா? கல்லூரி தந்த சான்றிதழில் ஊதியம் குறிப்பிடப்படவில்லை.

மறுமொழி 1:
உறுதியென்று சொல்ல இயலாது, அம்மா. முன்பணியைக் கணக்கிடும் விதியில், ஒப்பந்தப் பணியாக இருந்தால் மொத்த ஊதியம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாத ஊதியத்துக்குக் குறையக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் இதைக் கண்டிப்பாகப் பார்க்கின்றன. நியமன ஆணை, பணிக்காலம், ஊதியம் மூன்றும் தெரியும்படி முதல்வரிடம் புதிய சான்றிதழ் கேளுங்கள். அனுபவ மதிப்பெண் இல்லாமலும் உங்கள் கூட்டுத்தொகை என்ன என்று ஒருமுறை பார்த்துவிட்டு, கட்டுரைகளுக்கான பத்து மதிப்பெண்ணில் எது குறைகிறதோ அதை இந்த ஆண்டே நிரப்ப முயலுங்கள்.