ரைட் சகோதரர்கள் லிலியென்தாலைத் தப்பென்று நிரூபித்தார்களா?

ஸ்பேனர்:
நேற்று ஒரு காணொளி பார்த்தேன். 1901-ல் ரைட் சகோதரர்களின் கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்), கணக்குப்படி வர வேண்டிய தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்குதான் தந்ததாம். ஜெர்மனியின் கிளைடர் முன்னோடி லிலியென்தால் போட்டுவைத்த தூக்குவிசை அட்டவணையே தப்பு என்று கண்டுபிடித்து, தாங்களே காற்றுச் சுரங்கம் (விசிறியால் காற்றை ஓட்டி இறக்கை மாதிரிகளைச் சோதிக்கும் பெட்டி) கட்டிச் சரியான எண்களை எடுத்தார்களாம். அங்கே அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அறிவியல் நிறுவனத்தின் செயலாளர் லாங்லி 50,000 டாலர் அரசுப் பணத்தை வைத்துக்கொண்டு விமானத்தை ஆற்றில் போட்டார். சைக்கிள் கடைக்காரர்கள் ஜெயித்தார்கள். படிப்பு எதற்கு?

கணக்குப்பிள்ளை:
அட்டவணை மேல் பழி போடாதீர்கள். தூக்குவிசைக் கணக்கில் பெருக்க வேண்டியவை நான்கு: இறக்கைப் பரப்பு, வேகத்தின் வர்க்கம், வடிவத்துக்கும் சாய்வுக்கும் உரிய குணகம், அப்புறம் காற்றின் அழுத்தத்துக்கான மாறிலியான ஸ்மீட்டன் எண். லிலியென்தால் தந்தது குணகத்தை மட்டும். ஸ்மீட்டன் எண், 1759-ல் இங்கிலாந்தில் காற்றாலை ஆய்வோடு வந்தது. அதை 0.005 என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு போட்டார்கள். நிஜத்தில் அது 0.0033 பக்கம். இது ஒன்றே விடையில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

மீதியை இறக்கையின் வடிவம் தின்றது. லிலியென்தால் அளந்த இறக்கையின் நீளம் அகலத்தைப் போல் சுமார் ஆறரை மடங்கு. 1901 கிளைடர் 22 அடி நீளம், 7 அடி அகலம், அதாவது மூன்று மடங்குதான். நெட்டைக்கு எடுத்த எண்ணைக் குட்டைக்குப் போட்டால் எப்படி ஒத்துவரும்?

ஸ்பேனர்:
அப்போ சைக்கிள் சோதனை? ஹேண்டில்பாருக்கு முன்னால் மூன்றாவது சக்கரத்தைப் படுக்கையாக மாட்டி, ஒரு பக்கம் வளைந்த தகடு, இன்னொரு பக்கம் காற்றுக்கு நேராகத் தட்டைத் தகடு வைத்து மிதித்தார்கள். அட்டவணைப்படி 5 டிகிரியில் சமமாக வேண்டும். 18 டிகிரி தேவைப்பட்டது. இரண்டு தகட்டையும் ஒப்பிடும்போது ஸ்மீட்டன் எண் கணக்கிலேயே வராதே! இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
நல்ல கேள்வி. அவர்களும் அதை நம்பித்தான் முதலில் லிலியென்தாலைக் குறை சொன்னார்கள். தெருவில் மிதித்து எடுத்த அளவு போதாது என்றுதான் பெட்டி கட்டினார்கள். பெட்டி வேறு பதில் சொன்னது. லிலியென்தாலின் எண்கள் தான் நினைத்ததைவிடச் சரியானவை என்று வில்பர் ரைட்டே, விமான ஆய்வில் தங்களுக்கு ஆலோசகராக இருந்த பொறியாளர் ஷனூட்டுக்குக் கடிதம் எழுதினார்.

பழைய மெக்கானிக்:
பெட்டி பெட்டி என்கிறீர்களே, அது வெறும் 6 அடி நீள மரப்பெட்டி. வாய் 16 அங்குலச் சதுரம். முதல் காற்றுச் சுரங்கமும் அது இல்லை, 1871-லேயே இங்கிலாந்தில் வென்ஹாம் கட்டிவிட்டார். சூட்சுமம் உள்ளே இருந்த தராசில். ஆக்ஸா பிளேடும் ஸ்போக்ஸ் கம்பியும் சேர்த்துச் செய்தது. மேலே குட்டி இறக்கை, கீழே காற்றை நேராக வாங்கும் தட்டைப் பட்டைகள். இறக்கையின் தூக்கலும் பட்டைகளின் எதிர்ப்பும் ஒன்றையொன்று இழுத்து ஒரு கோணத்தில் நிற்கும். அந்தக் கோணத்தின் சைன்தான் குணகம். இரண்டின் மேலும் அதே காற்று அடிப்பதால் வேகம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கவலையில்லை. ஸ்மீட்டனும் தேவையில்லை. இதை யோசித்தவர்களைப் படிக்காதவர்கள் என்றால் சிரிப்புத்தான் வரும்.

இன்னொன்று. அளக்கும்போது அறையில் யாரும் இடம் மாறி நிற்க மாட்டார்கள், மேஜை நாற்காலியையும் நகர்த்த மாட்டார்கள். நான் படித்த கல்லூரி ஆய்வகத்தில் டீ கொண்டு வருபவர் குறுக்கே போனாலே ரீடிங் ஆடும், நாங்கள் சராசரி எடுத்துச் சமாளிப்போம்.

வடகாற்று:
லாங்லியை மட்டும் ஏன் இப்படி விரட்டுகிறீர்கள்? சுழலும் கை (நுனியில் தகட்டை மாட்டிச் சுற்றும் நீண்ட கம்பம்) வைத்து அளந்து, 1891-லேயே ஸ்மீட்டன் எண் பெரிது என்று அச்சில் போட்டவர் அவர். 1896-ல் அவருடைய ஆளில்லா நீராவி மாதிரி சுமார் ஒரு கிலோமீட்டர் பறந்தது.

பழைய மெக்கானிக்:
மாதிரி பறந்தது, சரி. அதையே பெரிதாக்கி ஆளை உட்கார வைத்தால் போதும் என்று நினைத்ததுதான் வினை. சட்டம் தாங்கவில்லை. பக்கவாட்டில் சாய்ந்தால் நிமிர்த்தவும் வழி கிடையாது. 1903 அக்டோபர் 7, டிசம்பர் 8 என்று இரண்டு முறையும் போட்டோமாக் ஆற்றில். ஒன்பதே நாளில் ரைட் விமானம் 12 வினாடி பறந்தது.

ஸ்பேனர்:
சரி, லிலியென்தால் விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். படிப்பு எதற்கு என்று கேட்டதையும் வாபஸ் வாங்குகிறேன். லாங்லிக்கு மட்டும் மாட்டேன்: சரியான எண் கையில் இருந்தும் 1891-லிருந்து 1903 வரை அந்த மனிதர் ஒரு கிளைடரில்கூட ஏறவில்லையே.